தோட்டத்து மழைநீருக்கு ஏற்ற பாத்திரம் எது?

சென்னையைப் போன்ற கடற்கரை ஊர்களில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டியே கொட்டித் தீர்ந்துவிடுகிறபடியால், கூரையில் விழும் ஜலத்தைப் பீப்பாயில் பிடித்து வைத்துச் சித்திரை வெயிலில் செடிகளுக்கு வார்க்கலாம் என்று மனக்கோட்டை கட்டுகிறவர்கள், அந்த ஆசையை முதலிலேயே கைவிட்டுவிடுவது உத்தமம். அதற்குக் குளமே வேண்டும். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடைப்பட்ட தினங்களிலும், ஆடி ஆவணியில் சாயங்கால வேளையில் இடியோடு வந்து போகிற மழைக்குப் பின்னும், உப்புத் தண்ணீரையே குடித்து இலை நுனி கருகிய கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் சில நாட்கள் நல்ல தண்ணீர் கிடைக்கும்படி செய்வதே பீப்பாயின் பிரயோஜனம். பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறவர் இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டால் வீண் செலவு குறையும்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 600 சதுர அடித் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 550 லிட்டருக்குச் சற்று மேலே விழும். தளம் உறிஞ்சியதும் சிதறியதும் போக 450 லிட்டராவது குழாய் வழியே இறங்கும். ஆகவே சாதாரணமான ஒரு மழையிலேயே 200 லிட்டர்ப் பீப்பாய் நிரம்பி வழியத்தான் போகிறது. செலவுப் பக்கத்தைப் பார்த்தால், இருபது தொட்டிச் செடிகளுக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் அந்தப் பீப்பாய் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குக் காணும்.

இனிப் பாத்திரங்களைப் பார்ப்போம். தார், எண்ணெய் முதலியவை வந்து இறங்கிய இரும்புப் பீப்பாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் உண்டு. தரையோடு ஒட்டியிருக்கும் அடிவிளிம்பு முதலில் துருப்பிடித்து ஓட்டையாகும். உள்ளே படிந்த எண்ணெய்ப் பிசுக்கோ எத்தனை முறை கழுவினாலும் முற்றிலும் போகாது. என் அபிப்பிராயத்தில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மே பெரும்பாலோருக்கு ஏற்றது. பழைய டிரம் வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று விசாரித்து, அமிலமோ பூச்சிமருந்தோ இருந்ததென்று சந்தேகம் தட்டினாலும் விட்டுவிட வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு. மேல்மூடியோடு ஒன்றாய் வார்க்கப்பட்டு இரண்டு சிறு துவாரங்கள் மட்டும் உடையது ஒன்று. அதற்குள் கொசு புகுவது கடினம், ஆனால் அடியில் தங்கும் வண்டலைக் கையை விட்டு எடுக்கவும் முடியாது. வாய் அகன்று, தனி மூடியும் அதை இறுக்கும் இரும்பு வளையமும் உடையது மற்றொன்று. வருஷத்துக்கு ஒரு முறையாவது உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டியிருப்பதால், மூடியை ஒழுங்காகப் போடும் வழக்கமுள்ள குடும்பத்துக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன். நீலப் பிளாஸ்டிக் வெளிச்சத்தைச் சிறிது உள்ளே விடுகிறபடியால் வெயிலில் வைத்தால் பாசி பிடிக்கும்; கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டினால் போதும். கடையில் விற்கும் கறுப்புத் தொட்டிக்கு அந்தக் குறை இல்லையென்றாலும், விலை அதிகம்.

சொந்த மனையும் சற்று விசாலமான தோட்டமும் உடையவர்கள் கிணற்றுக்கு இறக்கும் சிமெண்டு உறைகளைப் பற்றி நிச்சயமாக யோசிக்கலாம். மூன்றடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள ஓர் உறை ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளும். உறுதியான கான்கிரீட் படுகையின் மேல் நான்கு உறைகளை அடுக்கி, இணைப்புகளை நன்றாகப் பூசி, குழாய்க்கு வேண்டிய துவாரத்தையும் பூச்சு வேலையின்போதே விட்டுவிட்டால், 800 லிட்டர்த் தொட்டி ஸ்திரமாக நின்றுவிடும். புதுச் சிமெண்டின் காரம் செடிகளுக்கு ஆகாது. இரண்டு மூன்று முறை ஜலம் நிரப்பிச் சில நாள் ஊறவிட்டு வெளியேற்றிய பிறகே உபயோகிக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரருக்கு இந்த யோசனை பயன்படாது.

மாடியில் தோட்டம் போட்டவர்களின் சங்கடம் வேறு விதம்: ஜலம் கீழே இறங்குகிறது, செடிகள் மேலே இருக்கின்றன. அவர்கள் மாடிப்படி அறையின் கூரையைப் பயன்படுத்தலாம். 80 சதுர அடிக் கூரையாயிருந்தாலும் மூன்று சென்டிமீட்டர் மழையில் ஒரு டிரம் ஏறக்குறைய நிரம்பிவிடும். நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் தாங்கும் இடமாகப் பார்த்து வைப்பது விவேகம்.

எந்தப் பாத்திரமானாலும் குழாயை அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் பொருத்தினால் வண்டல் கீழேயே தங்கிவிடும். ஹார்டுவேர் கடையில் டாங்க் நிப்பிள் என்று கேட்டால் தருவார்கள். ரப்பர் வாஷரை உட்புறம் வைத்து, வெளிப்புறத்து நட்டைக் கையால் இறுக்கிய பின் ஸ்பானரால் அரைச் சுற்று முடுக்கினால் கசிவு இராது. மேலும் முடுக்கினால் வாஷர் பிதுங்கிக் கசிவு தொடங்கும். பீப்பாயை இரண்டடி மேடையில் ஏற்றினால் வாளி அடியில் நுழையும், ரப்பர்க் குழாயிலும் நீர் ஓடும். தெளிப்பானுக்கு வேண்டிய அழுத்தத்தை மாத்திரம் இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

மூடியை அலட்சியம் செய்கிறவர் பீப்பாயே வைக்காமலிருப்பது அண்டை வீட்டாருக்கு நல்லது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில், எள்ளைவிடச் சிறிய கறுப்பு முட்டைகளை ஒட்டிவைக்கிறது. அவை நீரின்றி மாதக்கணக்கில் கிடந்தும், மறுபடி நனைந்தால் பொரிக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் கொசுவாகிப் பறக்கும். எனவே நீர் விழும் வாய்க்கும் வழிந்தோடும் குழாய்க்கும் நெருங்கிய கண்ணுள்ள வலையைக் கட்டுவதோடு, காலியான பீப்பாயின் உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவுவதும் அவசியம். கோடைக்குப் பின் வரும் முதல் மழையின் தொடக்க நீர் தளத்துப் புழுதியையும் காக்கை எச்சத்தையும் அடித்துக்கொண்டு வருவதால் அதை வெளியே விட்டுவிடுவது நலம்.

வழிந்தோடும் குழாயை அஸ்திவாரத்தின் அருகே திறந்துவிடாமல், மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டில் ஏற்கனவே மழைநீர்க் குழி தோண்டியிருந்தால் அதிலேயே சேர்த்துவிடலாம்; பல ஆண்டுகளாகக் கவனிப்பாரற்று மண் மூடிப்போயிருக்கக்கூடிய அந்தக் குழியை, குழாய் இணைப்பதற்கு முன் ஓர் ஆளை வைத்துத் தூர் வாரிவிடுவது நல்லது.