கியர் பாக்ஸ் போனால்: டீக்கடை சொல்வதும் சட்டம் சொல்வதும்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் வண்டி நின்றுவிட்டால் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால், எங்கள் அடி அண்ணாமலையில் கோயிலைத் தாண்டிச் சற்றுத் தள்ளி, இளநீர் ஏற்றிவந்த பிக்கப் ஒன்று அப்படி நின்றது. ஓட்டி வந்தவன் எங்கள் தெருப் பையன். வண்டி வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வாரமாகவே மூன்றாவது கியர் போட்டால் துள்ளி வெளியே வந்துகொண்டிருந்ததாம். அன்றைக்கு எந்தக் கியருமே விழவில்லை. உள்ளேயிருந்து கரகரவென்று கல் அரைபடுகிற சத்தம்.

பௌர்ணமியன்று பாதையில் வண்டி விடமாட்டார்கள். அதற்கு முந்தின இரண்டு நாள் இறக்குகிற சரக்குதான் இங்கே பல பிக்கப்காரர்களுக்கு அந்த மாதத்தின் பெரிய வரும்படி. அவன் முகம் செத்துப்போயிருந்ததில் ஆச்சரியமில்லை. அரை மணி நேரத்துக்குள் டீக்கடையில் இருந்தவர்கள் அவனுக்கு ஏழெட்டு யோசனை சொன்னார்கள். எல்லாம் நல்ல மனதோடு சொன்னவைதான். ஆனால் பாதிக்கு மேல் தவறு. செங்கம் ரோட்டிலிருந்து போளூர் வரைக்கும் இதே பேச்சுகளைத்தான் கேட்கிறேன். அதனால் ஒவ்வொன்றாக எழுதிவிடுகிறேன்.

“கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போயிடலாம்”

முதலில் செய்யக் கூடாதது இதுதான். நம் பிக்கப்புகள் பெரும்பாலும் பின்சக்கரத்தால் ஓடுபவை. இந்த வகை கியர் பாக்ஸில் ஆயிலைச் சுற்றிவிட மோட்டார் எதுவும் இல்லை. அடியில் இருக்கிற ஷாஃப்ட்டின் பற்கள் ஆயிலில் முங்கிச் சுழன்று, மேலே வாரி இறைப்பதால்தான் பேரிங்குகளுக்கு ஆயில் கிடைக்கிறது. இன்ஜின் ஓடாமல் நியூட்ரலில் வைத்து இழுத்தால் அந்த அடி ஷாஃப்ட் சுற்றாது. மேலே உள்ள மெயின் ஷாஃப்ட்டோ பின்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே அடிபட்ட பெட்டி, ஆயில் எட்டாமல் பல கிலோமீட்டர் ஓடுகிறது. அனுபவப்பட்ட லாரி மெக்கானிக்குகள் ஜாயின்ட் ஷாஃப்ட்டைக் கழற்றிக் கட்டிவிட்டுத்தான் வண்டியை இழுப்பார்கள், காரணம் இதுதான்.

இழுத்துப் போன பிறகு பிரித்துப் பார்க்கும் சர்வீஸ் சென்டர்காரர், “பேரிங் காய்ந்து எரிந்திருக்கிறது, ஆயில் இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள்” என்று எழுதினால் மறுக்க உங்களிடம் என்ன இருக்கும்? வாரண்டிக் கையேட்டில் உதவி எண் இருந்தால் அதற்கு அழையுங்கள். வண்டியைத் தூக்கி ஏற்றிப்போகும் ரெக்கவரி வண்டி வரட்டும். கிளம்பும் முன் கிலோமீட்டர் மீட்டரையும், வண்டி நிற்கும் இடத்தையும், அடியில் ஆயில் ஒழுகல் உண்டா இல்லையா என்பதையும் போனில் படம் எடுத்துவையுங்கள்.

“வெளி மெக்கானிக் ஒரு போல்ட்டைத் தொட்டாலே வாரண்டி போச்சு”

இதை நம்பிப் பயந்து கிடப்பவர்கள் பாதிப்பேர். “அதெல்லாம் சும்மா, நம்ம ஆளை விட்டுப் பிரிச்சுப் பாரு” என்பவர்கள் மீதிப்பேர். இரண்டுமே சரியில்லை.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் தயாரிப்பாளர்கள் மீது மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல், வெளிப் பட்டறைகளை முடக்கியதுதான் குற்றச்சாட்டு. அந்த உத்தரவில், வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக முழு வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனையைப் போடக்கூடாது என்றும், வெளியில் செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. உத்தரவு மேல்முறையீடுகளுக்குப் போனது. ஆனாலும் அதிலிருக்கிற நியாயம் எளிமையானது: வெளியில் ஹாரன் மாற்றியதற்கும் கியர் பாக்ஸ் உடைந்ததற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் இதற்கென்று 1975லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது.

ஆனால் கியர் பாக்ஸ் விஷயம் வேறு. அதை வெளியில் பிரித்தால் சாட்சியையே பிரித்துப் போட்ட மாதிரி. எந்தப் பல் எப்படி உடைந்து கிடந்தது, ஆயில் எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் மூடியைத் திறந்த அந்த நிமிடத்தோடு போய்விடும். வாரண்டி உள்ளபோது கியர் பாக்ஸை வெளியில் திறக்கவே திறக்காதீர்கள். கியர் ஆயில் மாற்றம், சர்வீஸ் ஆகியவற்றுக்குக் குறித்த கிலோமீட்டரில் வாங்கிய பில் ஒவ்வொன்றையும் வைத்திருங்கள்.

“வாரண்டின்னா எல்லாமே ஃப்ரீ, சரியாகலன்னா புது வண்டி கொடுத்தாகணும்”

கிளட்ச் பிளேட் தேய்மானப் பொருள். பிரேக் ஷூ மாதிரிதான் அதுவும். பெரும்பாலான வாரண்டிகளில் வராது; ஆயிலும் வராது. கியர், ஷாஃப்ட், சிங்க்ரோ ரிங், ஹவுசிங் ஆகியவற்றில் தயாரிப்புக் குறை இருந்தால் பழுது பார்த்தோ மாற்றியோ தருவதுதான் வாரண்டியின் உறுதி. 2006இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: வாரண்டியில் எழுதியிருப்பது குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவது என்றால், முழு வண்டியை மாற்றும்படி உத்தரவிட முடியாது. அமெரிக்காவில், திரும்பத் திரும்பப் பழுதாகும் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவைக்கத் தனிச் சட்டங்கள் உண்டு. 1982இல் கனெக்டிகட் மாநிலம் அதைத் தொடங்கிவைத்தது. நம் நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. முழு வண்டி கேட்டு வழக்குப் போட்டுப் பல வருடம் அலைவதைவிட, குறையுள்ள பாகம், நின்ற நாட்களுக்கான நஷ்டம், அலைச்சலுக்கு இழப்பீடு என்று நிரூபிக்கக்கூடியதைக் கேட்பதே என் அனுபவத்தில் பலன் தருகிறது.

இதோடு ஒரு வார்த்தை: பாகம் மாற்றினால் வாரண்டிக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று நினைக்காதீர்கள். வழக்கமாக மிச்சமிருக்கும் காலம்தான் ஓடும்.

“ஓவர்லோடுன்னு எழுதிட்டா அவ்வளவுதான்”

கியர் பாக்ஸ் வாரண்டி சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லில்தான் முடிகின்றன. அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்கு மேல் ஏற்றிக்கொண்டு ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் ஹாஃப் கிளட்ச்சில் ஏறுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படி ஓட்டி உடைத்தால் அது தயாரிப்புக் குறை ஆகாது. தவறாகப் பயன்படுத்தியதற்குத் தயாரிப்பாளர் பொறுப்பில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000.

ஆனால் ஏற்றாதவன் தலையிலும் அந்தச் சொல்லைக் கட்டுகிறார்களே, அதைத்தான் நான் பொறுக்க மாட்டேன். இயந்திரம் தன் கதையைத் தானே சொல்லும். அதிக பாரத்தில் அடிபடும்போது பொதுவாக முதலில் கருகுவது கிளட்ச் பிளேட். ஜாயின்ட் கிராஸ், கிரவுன் பினியன் பற்கள் ஆகியவையும் சிரமப்பட்டிருக்கும். மற்றதெல்லாம் நன்றாக இருக்க, ஒரே ஒரு கியர் மட்டும் துள்ளி வெளியே வருகிறது என்றால் அந்தக் கியரின் நாய்ப்பல், அதைத் தள்ளும் ஃபோர்க், பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் பக்கம் பார்க்க வேண்டும். ஓட்டுநர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு: கை ஓய்வுக்காக கியர் ராடின் மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டினால் அந்த ஃபோர்க்தான் தேயும்.

டிரெயின் போல்ட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். அதன் நுனிக் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம், எல்லா வண்டியிலும் இருக்கும். நகம் வெட்டிய துண்டு மாதிரி இரும்புச் சில்லுகள் வந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. இரண்டையும் வெள்ளைத் துணியில் துடைத்துப் படம் எடுங்கள். வந்த ஆயிலின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவு சரியாக இருந்தது என்பதே பாதி வாதத்தை வென்றுவிடும்.

“ஓவர்லோட்” என்று வாயால் சொன்னால் விட்டுவிடாதீர்கள். எந்தப் பாகத்தில் என்ன அடையாளத்தை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் பக்கம் எடை மேடைச் சீட்டுகளும் வாடகைப் பில்களும் இருக்கட்டும். மாற்றிய பழைய பாகங்கள் பத்திரமாக வைக்கப்பட வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள். வழக்கென்று போனால் தொழில்நுட்பச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. பாகமே இல்லையென்றால் எதைச் சோதிப்பார்கள்?

“மஞ்சள் போர்டு வண்டிக்கு நுகர்வோர் கோர்ட்டு கிடையாது”

டீக்கடையில் இதைச் சொன்னவர் படித்தவர். உறுதியாகவும் சொன்னார். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பது நிஜம். ஆனால் அதே சட்டம், சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கிப் பயன்படுத்துகிறவரை அந்த விலக்கில் சேர்க்கவில்லை. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கிய ஒரு பட்டறை தொடுத்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. வழக்குப் போட்ட பட்டறை தோற்றது. ஆனால் தீர்ப்பில் சொன்ன உதாரணம் நம் ஊர் ஓட்டுநர்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது: தானே ஓட்டிப் பிழைப்பதற்காக லாரி வாங்கியவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டதால் அந்த உரிமை போகாது. நாலு வண்டி வாங்கி டிரைவர் போட்டு ஓட்டுபவருக்கு இது பொருந்தாது.

எனவே புகாரின் முதல் பத்தியிலேயே, “இந்த வண்டியை நானே ஓட்டி, இதன் வருமானத்தில்தான் குடும்பம் நடத்துகிறேன்” என்று எழுதுங்கள்.

புகார் கொடுக்கச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் கொடுக்கலாம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நமக்குத் திருவண்ணாமலையிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை இங்கேயே விசாரிப்பார்கள். கட்டணம் 5 லட்சம் வரை கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். 3 மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடப்பில் கூடுதலாகவே ஆகும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

டீலரையும் தயாரிப்பாளரையும் இருவரையுமே எதிர்தரப்பாகச் சேருங்கள். பழைய ஆண்டு காரைப் புது மாடல் என்று விற்றதாக எழுந்த ஒரு வழக்கில், டீலர் செய்த தவறில் தனக்குப் பங்கிருப்பதாகக் காட்டப்படாத தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார் தவறு என்பது உள்ளே போனபிறகுதான் தெரியும்.

“தவணை கட்டாத, கம்பெனி தானா வரும்”

இதைச் சொன்னவரிடம் மட்டும் நான் கோபமாகவே பேசினேன். கடன் கொடுத்த ஃபைனான்ஸ் வேறு, வண்டி செய்த கம்பெனி வேறு. தவணையை நிறுத்தினால் கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது, வண்டிதான் பறிபோகும். சர்வீஸ் சென்டரில் நின்ற நாட்களின் தவணையை நஷ்டக் கணக்கில் சேர்த்துக் கேளுங்கள், ஆனால் கட்டுவதை நிறுத்தாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் கொடுக்குமா என்றும் ஒருவர் கேட்டார். கொடுக்காது. வழக்கமான வாகன பாலிசியில் இயந்திரப் பழுது சேராது.

அன்றைக்கு அந்தப் பையனோடு நானும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். முன்னால் இருந்தவர் ஜாப் கார்டில் “ஜெனரல் செக்கப்” என்று இரண்டே வார்த்தை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். பையன் பேனாவை எடுத்துவிட்டான். “இருப்பா, படி” என்றேன். “விடுங்கண்ணா, அவங்க பார்த்துக்குவாங்க” என்றான். விடவில்லை. “மூன்றாவது கியர் ஒரு வாரமாகத் தானே வெளியே வருகிறது. இன்று எந்தக் கியரும் விழவில்லை. உள்ளே சத்தம்” என்று எழுதவைத்து, மீட்டர் கிலோமீட்டரும் தேதியும் நேரமும் போடவைத்தோம். நகல் கையில் வந்த பிறகுதான் கையெழுத்து. குறையை வாரண்டிக் காலத்துக்குள் சொன்னதற்கு அந்த ஒரு தாள்தான் ஆதாரம். வண்டி அங்கே நிற்கும்போது தேதி முடிந்துபோனாலும் அதை வைத்துப் பேசலாம்.

வண்டி திரும்ப 19 நாள் ஆனது. மூன்றாவது கியரையும் அதன் சிங்க்ரோவையும் வாரண்டியில் மாற்றினார்கள். கிளட்ச் பிளேட்டுக்கு மட்டும் அவன் பணம் கட்டினான், அது நியாயமும்தான். அந்தப் பௌர்ணமி வருமானம் அவனுக்குத் திரும்பவில்லை.

வண்டியை விட்டுவிட்டு வரும்போது ஜாப் கார்டை முழுக்கப் படியுங்கள். உங்கள் வண்டியின் குறை உங்கள் வார்த்தையில் அதில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத மறுத்தால் அங்கேயே நின்று 1915க்குப் போன் போடுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.