768 லேப்டாப்பில் 4கே கேமை ரெக்கார்ட் பண்ணலாமா?

எபிசோடில் ஒரே நிமிஷத்தில் ஓடிப் போன விஷயம், இங்கே கொஞ்சம் விரிவாக.

யாங்கோனில் எங்க அக்கா வீட்டில் பெரிய மருமகன் திங்கட்கிழமை பாங்காக்குக்கு வேலைக்குக் கிளம்புகிறான். அவனுடைய பிஎஸ்4 ப்ரோவை விற்கப் போகிறார்கள். சின்னவன் வெள்ளிக்கிழமை வந்து கேட்டான்: "மாமா, ஞாயிறு அண்ணனும் நானும் கடைசியா ரேஸ் ஓட்டுறோம். முழுசா ரெக்கார்ட் பண்ணித் தர்றீங்களா?"

கன்சோலின் ஷேர் பட்டன் போதாது. அது வினாடிக்கு 30 ஃபிரேம், ஒரு தடவைக்கு 60 நிமிஷம்தான். என்னிடம் ஒரு கேப்சர் கார்டும், 1366×768 திரை கொண்ட பழைய லேப்டாப்பும் இருந்தன. "ஸ்கிரீனே சின்னது, வீடியோ எப்படி மாமா பெருசா வரும்?" நல்ல கேள்வி.

பதில்: திரைக்கும் பதிவுக்கும் சம்பந்தமே இல்லை. திரை வெறும் ஜன்னல். பதிவைத் தீர்மானிப்பது கேப்சர் கார்டு, யூஎஸ்பி வேகம், என்கோடர், டிஸ்க், இந்த நான்கும்தான்.

1. ஒயர். லேப்டாப்பில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ துளை அநேகமாக வெளியே அனுப்ப மட்டும்தான். கன்சோலை அதில் சொருகினால் ஒன்றும் வராது. கன்சோலிலிருந்து கார்டுக்கு, கார்டிலிருந்து டிவிக்கு, கார்டிலிருந்து யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்கு. கார்டு 4கே பாஸ்த்ரூ தருமானால் டிவியில் 4கே ஓடும், லேப்டாப்புக்கு 1080பி போகும். விளையாடுகிறவர்கள் டிவியைத்தான் பார்க்கணும். லேப்டாப் பிரிவியூ கொஞ்சம் தாமதமாக வரும்.

2. ஹெச்டிசிபி. இது இயங்கினால் கறுப்புத் திரைதான். பிஎஸ்4 செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் அணைத்து விடுங்கள்.

3. யூஎஸ்பி கணக்கு. சுருக்காத 1080பி, 60 ஃபிரேம் என்றால் வினாடிக்குச் சுமார் 1.5 கிகாபிட். யூஎஸ்பி 2.0 தருவது 0.48 மட்டும். யூஎஸ்பி 3.0 தருவது 5, அதனால் தாராளம். அதே 4கே, 60 ஃபிரேமுக்குச் சுமார் 6 வேணும், அதனால் அங்கே இடிக்கும். 4கே, 30 ஃபிரேம் என்றால் 3தான், நுழையும். ஆனால் பழைய லேப்டாப்புக்கு 1080பி, 60தான் என் தேர்வு. ரேஸில் ஃபிரேம்தான் உயிர்.

4. ஓபிஎஸ் கேன்வாஸ். சனிக்கிழமை நான் சறுக்கியது இங்கேதான். ஓபிஎஸ் முதல் தடவை திறக்கும்போது உங்கள் திரை அளவையே கேன்வாஸாக எடுத்துக்கொள்ளும். என் சோதனை வீடியோ 768இல் மங்கலாக வந்தது. செட்டிங்ஸில் வீடியோ பகுதிக்குப் போய் பேஸ், அவுட்புட் இரண்டையும் 1920×1080 ஆக்குங்கள், எஃப்பிஎஸ் 60. பிரிவியூ சுருங்கித் தெரியும், கவலை வேண்டாம்.

5. என்கோடர். எக்ஸ்264 வேண்டாம், பழைய சிபியு மூச்சு வாங்கும். இன்டெல் சிப் என்றால் குவிக்சிங்க், என்விடியா என்றால் என்வென்க். பத்து நிமிஷம் சோதித்து, ஸ்டாட்ஸ் ஜன்னலில் 'ஸ்கிப்டு ஃபிரேம்ஸ்' ஏறுகிறதா பாருங்கள். ஏறவில்லையானால் நல்லது.

6. இடம். 40 மெகாபிட் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 18 ஜிபி. எஃப்ஏடி32 பென்டிரைவில் எழுதாதீர்கள்; ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது.

7. எம்கேவி. நம்ம ஊர் கரண்ட் பற்றித் தெரியுமே! சாதாரண எம்பி4 பாதியில் நின்றால் பெரும்பாலும் திறக்காது. எம்கேவியில் அதுவரை பதிவானது தப்பிக்கும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் செய்து எம்பி4 ஆக்கலாம், தரம் குறையாது.

மைக்கைத் தனி ஆடியோ டிராக்கில் போடுங்கள். கேம் சத்தம் பேச்சை மூடினாலும் பிறகு சரிபண்ணலாம்.

ஞாயிறு மூன்றாவது ரேஸில் கரண்ட் போனது. டிவி, கன்சோல் இரண்டும் செத்தன. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஸ்டாப் பண்ண மறந்துவிட்டேன். அந்தப் பத்து நிமிஷம் திரை முழுக்கக் கறுப்பு. மைக் டிராக்கில் மட்டும் இருட்டில் இரண்டு பேரும் யார் ஜெயித்தது என்று சண்டை போடுகிறார்கள்.

வெட்டிடவா என்று கேட்டேன். "அது இருக்கட்டும் மாமா" என்றான் சின்னவன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். சோதனைப் பதிவு பண்ணாமல் நிஜப் பதிவுக்குப் போகாதீங்க!