அப்பாவின் ரேடியோவுக்குள் என்ன நடக்கிறது?

கேள்வி: தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் அப்பா வாங்கிய ரேடியோவில் எம்.டபிள்யூ., எஸ்.டபிள்யூ., எஃப்.எம். என மூன்றும் உண்டு. ஒரே பெட்டி இத்தனையையும் எப்படிப் பிடிக்கிறது?
– வாசகர், பத்து காஜா

பதில்: பட்டை மாற்றும் விசையைத் தள்ளும்போது உள்ளே கம்பிச்சுருள் மாறுகிறது. எந்த அலையை உள்ளே விடுவது என்பதைச் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நிலையம் தேட நீங்கள் திருகும் குமிழ் அந்த மின்தேக்கியைத்தான் நகர்த்துகிறது.

அழகான வேலை இனிமேல்தான். பெட்டிக்குள்ளேயே இன்னோர் அலை உற்பத்தியாகிறது. நிலையம் 1000 கிலோஹெர்ட்ஸ் என்றால் இது 1455-இல் அதிரும். இரண்டும் கலந்தால் வித்தியாசம் 455. குமிழை எங்கே திருகினாலும் அதே 455தான் வரும். ஆகவே மத்திய அலைக்கும் சிற்றலைக்கும் ஒரே பெருக்கி போதும். எஃப்.எம்முக்கு மட்டும் 10.7 மெகாஹெர்ட்ஸ். எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918-இல் வகுத்த வழி இது; வானொலித் துறையில் இதற்கு இணையான யோசனை வேறில்லை என்பேன்.

எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். அதனால்தான் கோபுரங்களை மலைமேல் நடுகிறார்கள். சிற்றலையோ வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். 1941 முதல் 2017 வரை ஒலித்த பிபிசி தமிழோசை கடல் கடந்து கேட்டது அப்படித்தான்.

மத்திய அலைக்கு நீட்டும் கம்பி உதவாது. உள்ளே கிடக்கும் ஃபெரைட் தண்டுதான் ஆண்டெனா. பெட்டியையே மெல்லத் திருப்பிப் பாருங்கள், இரைச்சல் குறையும். கேட்காத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் தகடுகள் அரித்துவிடும்.