பிளஸ் டூவில் அரசியல் அறிவியலா? வீட்டிலிருந்தே கைகொடுக்க 10 குறிப்புகள்

1. 'மார்க் குறைந்தவர்கள் எடுக்கிற குரூப்' என்ற பேச்சு வீட்டில் வேண்டவே வேண்டாம். பிள்ளை காதில் அது விழுந்தால் இரண்டு வருடமும் அந்தப் பாடத்தைத் தண்டனையாக நினைத்தே படிக்கும். மசோதாவுக்கு ஆளுநர் ஏன் ஒப்புதல் தரவில்லை என்று பேப்பரைப் பார்த்துக் கேட்கிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. சட்டப் படிப்பு, பி.ஏ., டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. என்று எந்தப் பக்கம் போனாலும் இது உதவும். எல்லாப் பள்ளிகளிலும் இந்தப் பாடம் இருக்காது. சேர்க்கைக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

2. பாடப்புத்தகத்தோடு அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பும் கையில் இருக்கட்டும். பாடத்தில் ஒரு சட்டப்பிரிவு வந்தால் மூலத்தில் அதைத் தேடி வாசிக்க வேண்டும். கைடு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

3. சட்டப்பிரிவு எண்களை வரிசையாக ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். கொத்துக் கொத்தாகப் பிரித்தால் மனதில் நிற்கும். 12 முதல் 35 வரை அடிப்படை உரிமைகள், 36 முதல் 51 வரை வழிகாட்டு நெறிகள், அதை ஒட்டி 51அ அடிப்படைக் கடமைகள். தனியாக நிற்பவை சில: 280 நிதி ஆணையம், 324 தேர்தல் ஆணையம், 356 குடியரசுத் தலைவர் ஆட்சி. ஃப்ரிட்ஜ் கதவில் வாரம் ஒரு கொத்து ஒட்டினால் போதும்.

4. வீட்டில் சேரும் பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். கூட்டாட்சிப் பாடத்துக்கு அவற்றைவிட நல்ல உதாரணம் கிடையாது. 5 சதவீத வரி உள்ள ஒரு பொருளின் பில்லைப் பிள்ளை கையில் கொடுங்கள். அதில் சி.ஜி.எஸ்.டி. 2.5, எஸ்.ஜி.எஸ்.டி. 2.5 என்று இரண்டு வரி இருக்கும். முன்னது மத்திய அரசுக்கு, பின்னது மாநிலத்துக்கு. 2016-ல் வந்த 101-வது திருத்தம் இதற்கு வழிவிட்டது. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். அப்படியானால் மத்திய அரசு சம்மதிக்காமல் எதுவும் நிறைவேறுமா? கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விடை கிடைத்ததும் 'மாநில சுயாட்சி' என்ற கேள்வி தானாகப் புரியும். அடுத்து பெட்ரோல் பில். அதில் ஜி.எஸ்.டி. இருக்காது, மத்திய கலால் வரியும் மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரியும் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். வீட்டு வரி ரசீது மூன்றாம் அடுக்கைக் காட்டும்: உள்ளாட்சி.

5. தாத்தா பாட்டி இருந்தால் 1976 ஜனவரி 31, 1991 ஜனவரி 30 இரண்டையும் பற்றிப் பேச வையுங்கள். இரண்டுமே தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்ட நாட்கள். 1991-ல் ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். அப்படியும் ஆட்சி கலைந்தது எப்படி? ஆளுநர் அறிக்கை இல்லாமலும், வேறு வகையில் திருப்தி அடைந்தால் குடியரசுத் தலைவர் முடிவெடுக்க 356-வது பிரிவு இடம் தருகிறது. இதைக் கேட்ட பிறகு 1994-ன் எஸ்.ஆர். பொம்மை தீர்ப்பைப் படிக்கட்டும். இப்படிக் கலைப்பதற்குக் கடிவாளம் போட்ட அந்தத் தீர்ப்பின் அருமை அப்போதுதான் தெரியும்.

6. வழக்குகளைப் பெயர், ஆண்டு என்று மட்டும் எழுதி வைத்தால் பரீட்சைக்கு முதல் நாளே மறந்துபோகும். யார், எதற்காக நீதிமன்றம் போனார்கள், தீர்ப்புக்குப் பின் என்ன மாறியது என்று மூன்று வரி எழுதட்டும். செண்பகம் துரைராஜன் வழக்கில் தொடங்கலாம். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி இடஒதுக்கீட்டு அரசாணையை 1951-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. நம் மண்ணில் எழுந்த கோரிக்கை நாட்டின் அரசமைப்பையே திருத்த வைத்ததைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

7. நோட்டில் எழுதும் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் தேதி இருக்கட்டும். ஆளுநர் மசோதாக்கள் விஷயத்தில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு காலக்கெடு விதித்தது. நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது என்று கருத்துச் சொன்னது. தேதி இல்லாத குறிப்பை நம்பினால் விடை தப்பாகிவிடும்.

8. எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. ஐந்து மதிப்பெண் விடைக்குப் பக்கம் பக்கமாக எழுதத் தேவையில்லை. முதல் வரியில் வரையறை, பிறகு சட்டப்பிரிவு, ஒரு திருத்தம் அல்லது தீர்ப்பு, ஒரு உதாரணம். வாரத்துக்கு இரண்டு விடையைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகட்டும். வீட்டுக் கட்சி விடைத்தாளில் தெரியக் கூடாது. சட்ட மேலவை வேண்டுமா என்று கேட்டால் இரு பக்க வாதமும் எழுதி, தமிழ்நாட்டில் அது 1986-ல் ஒழிக்கப்பட்டதையும் சேர்க்க வேண்டும்.

9. கிராமத்தில் இருப்பவர்கள் பிள்ளையைக் கிராம சபைக்குக் கூட்டிப் போங்கள். சபை கூடும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்கள் பெரும்பாலும் பள்ளி விடுமுறைதான். வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். எந்தத் தீர்மானம், யார் கேள்வி கேட்டார்கள், என்ன பதில் வந்தது, எல்லாம் நோட்டில் ஏறட்டும். பதினொன்றாம் அட்டவணையின் 29 பொருள்களில் எவை அன்று பேசப்பட்டன என்று வீட்டுக்கு வந்ததும் சேர்ந்து பாருங்கள்.

10. 17 வயது முடிந்ததும் வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளே தகுதி நாட்கள். வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ தயாராக இருக்கட்டும். படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். பக்கத்தில் இருந்து சரிபார்த்தால் போதும்.