எதிர்காற்று சொல்லிக்கொடுத்தது

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குச் சைக்கிளில் போன அந்த ஜூலை ஞாயிற்றுக்கிழமை, என்னை நானே பெரிய வீரனாக நினைத்துக்கொண்டேன். மிதிக்கிற மாதிரியே தெரியவில்லை; மீட்டர் 32 காட்டியது. உடுமலையில் டீ குடித்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். அவ்வளவுதான், 15-ஐத் தாண்ட முடியவில்லை. வழியோரக் காற்றாலைகள் எல்லாம் மேற்கே முகம் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் அதுவரை என்னைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

அதற்குப் பிறகும் புத்தி வரவில்லை. சில மாதங்களில் 200 கிலோமீட்டர் பிரவே (brevet) என்ற நெடுந்தூரச் சவாரி ஒன்றுக்குப் பெயர் கொடுத்தேன். இது பந்தயம் இல்லை. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். நான் முதல் 50 கிலோமீட்டரை 28 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, 140-வது கிலோமீட்டரில் புளியமரத்தடியில் படுத்தேன். இரண்டு தொடையும் கல்லாக இறுகிவிட்டன. வீட்டுக்கு மினி லாரியில் வந்தேன். சைக்கிள் பின்னால், தக்காளிக் கூடைகளோடு.

எங்கள் ஊரில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அண்ணன் இருக்கிறார். அவரோடு ஒருநாள் காலையில் சைக்கிளில் போனேன். பத்து நிமிடத்தில் கேட்டார்:

"தம்பி, வீட்டுல என்னங்க டிபன்?"

"இட்லி... அண்ணா..."

"இட்லிங்கறதுக்கே ரெண்டு மூச்சு வாங்கறீங்க. மெதுவாப் போங்க."

அதுதான் முதல் பாடம். முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில்தான் பெரும்பாலான நாட்களில் ஓட்ட வேண்டும். எல்லா நாளும் நடுத்தரமாக மூச்சிரைக்க ஓட்டிக்கொண்டிருந்ததால், எனக்கு ஓய்வும் கிடைக்கவில்லை, வேகமும் கூடவில்லை. செவ்வாய், சனி ஒரு மணி நேரம் மெதுவாக. வியாழன் மட்டும் கடுமையாக. ஞாயிறு நீண்ட சவாரி. மீதி நாட்கள் சைக்கிளைத் தொடுவதில்லை. ஆரம்பத்தில் இந்த மெதுவான சவாரி அவமானமாகத்தான் இருக்கும். பால்கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸெல் தாண்டிப் போனால் பரவாயில்லை. பால்கேன் கட்டிய சைக்கிளும் தாண்டிப் போகும்.

வியாழக்கிழமைக்கு மலை தேடி அலையவில்லை. ஆழியாறுக்கு மேலே வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆனால் வேலைக்குப் போகிறவனுக்கு வாரநாளில் அது கட்டுப்படியாகாது. காற்றையே மலையாக்கிக்கொண்டேன். கோபாலபுரம் சாலையில் மேற்கு நோக்கி ஐந்து நிமிடம் பேச்சே வராத அளவுக்கு மிதி, ஐந்து நிமிடம் ஓய்வு. இப்படி நான்கு முறை. வேகம் கூடக் கூடக் காற்றின் தடை அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். எனவே எதிர்காற்றில் மீட்டரைப் பார்த்து வீம்பு பிடிப்பது வீண். கியரைக் குறைத்து, முழங்கையை மடக்கி, உடம்பைத் தாழ்த்தினால் கிடைக்கும் லாபம் தொடை பலத்தால் கிடைக்காது.

ஞாயிறு நீண்ட தூரம். 60-இல் தொடங்கி வாரம் ஐந்தாறு கிலோமீட்டர் கூட்டினேன். நான்காவது வாரம் பாதியாகக் குறைத்தேன். காற்றுக் காலத்தில் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று; இதை மாற்றவே மாற்றாதீர்கள்.

நடுவில் முழங்காலின் முன்பக்கம் வலி எடுத்தது. இரண்டு வாரம் தைலம் தேய்த்தேன். கடைசியில் பார்த்தால் சீட் தாழ்வு. குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கினால் கால் நேராக நீள வேண்டும். எனக்கு மடங்கியே நின்றது. இரண்டு விரல்கடை உயர்த்தியதும் வலி போய்விட்டது. கனமான கியரில் திணறி மிதிக்கிற பழக்கத்தையும் விட்டேன். நிமிடத்துக்கு 80, 85 சுற்று வருகிற கியர்தான் முழங்காலுக்குச் சுகம்.

சாப்பாட்டில்தான் நிறையப் பேர் கவிழ்கிறார்கள். அந்தப் புளியமரத்தடியில் நான் படுத்ததற்குக் கால் மட்டும் காரணமில்லை, வெறும் வயிறும்தான். பசித்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்குப் போய்ச் சேர நேரமாகும். இப்போது அரை மணிக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ, பசியில்லாவிட்டாலும். மிட்டாயை முன்னாடியே உறை பிரித்து ஜெர்ஸிப் பையில் போட்டுவிடுவேன். ஓடிக்கொண்டே பல்லால் உறையைக் கிழிக்கப் போய் ஒருமுறை வாய்க்காலில் இறங்கியிருக்கிறேன். தண்ணீர் பாட்டிலில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை.

எட்டு மாதம் கழித்து அதே 200-ஐ மறுபடி ஓட்டினேன். 11 மணி நேரம். ஓடும்போது சராசரி வேகம் 21-தான். முன்பு தோற்ற அன்று முதல் 50-இல் காட்டிய வேகத்தைவிட ஏழு குறைவு. நின்ற நேரம் மொத்தம் ஒன்றரை மணிக்குள். அந்தப் புளியமரத்தைக் கடக்கையில் வாயில் கடலை மிட்டாய் இருந்தது.