‘முன்’ என்றால் பின்னால்

இளம் சைகை மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. கூடவே கலெக்டர் ஆபீசில் கொடுப்பதற்காக நீ எழுதிய மனுவின் நகலும். மூன்று முறை படித்தேன். வெளி மாவட்டத்தில் நீ படித்த கல்லூரியில் சைகை மொழிபெயர்ப்பு டிப்ளமோவுக்கு இந்த வருஷமும் சேர்க்கை இல்லையாம். நாம்தான் கடைசி பேட்ச்சோ என்று பயப்படுகிறாய். பயம் நியாயமானது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பது என்ற முடிவும் சரிதான். மனுவின் முதல் வரிதான் சரியில்லை. ‘எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டுள்ளது’ என்று தொடங்கியிருக்கிறாய். அதை அடித்துவிட்டு மேலே படி.

கடிதத்தின் கடைசியில் விளையாட்டாக ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாய்: “அண்ணா, உங்க பெயர்ச் சைகைக்கு என்ன அர்த்தம்? யாரைக் கேட்டாலும் சிரிக்கறாங்களே தவிர சொல்ல மாட்டேங்கறாங்க.” மனுவைப் பற்றி நான் சொல்ல நினைப்பதும் இந்தக் கேள்விக்கான பதிலும் ஒரே கதையில்தான் இருக்கின்றன. அதனால் கதையையே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது 24 வயது. அக்காவுக்குக் காது கேட்காது. வீட்டில் அவளோடு பேசிப் பழகிய கைகள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய சிநேகிதர்கள் கூடுமிடத்தில் பார்த்துக் கற்றது, அவ்வளவுதான் என் படிப்பு. சர்டிபிகேட் கிடையாது. வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ‘தம்பிக்குக் கை நல்லாப் பேசுது’ என்று நாலு பேர் சொன்னதில் தலை கொஞ்சம் கனத்திருந்தது.

ஒருநாள் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்குக் காது கேட்காது; சர்க்கரை வேறு அதிகம். டாக்டர் மாத்திரைச் சீட்டை நீட்டி, “சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி” என்றார். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். நான் வேகமாகக் கையசைத்தேன்: மாத்திரை, சாப்பாடு, அரை மணி, முன். அந்த ‘முன்’னுக்குக் கையை நெஞ்சிலிருந்து முன்னால் தள்ளினேன். தமிழில் எதிரே இருப்பதும் ‘முன்’தான், கடந்து போனதும் ‘முன்’தான். சைகை மொழியில் அப்படி இல்லை. அதில் போன காலம் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. வரப்போவது நெஞ்சுக்கு நேரே. நான் காட்டியதற்கு அவர் பொருள் கொண்டது: சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து.

தலையை ஆட்டினார். நானும் திருப்தியாகத் தலையை ஆட்டினேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அதையும் அவர் சாப்பிட்ட பிறகுதான் போட்டுக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தவள் என் அக்கா, அவர்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது. மறுநாளே அவர் என்னைத் தேடி வந்தார். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “டாக்டர் தப்புச் செஞ்சா புகார் கொடுக்க இடம் இருக்கு. உன் மேல நான் எங்க போய்ப் புகார் கொடுக்கறது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் என்று ஒன்று அப்போது இல்லவும் இல்லை.

அம்மிணி, அங்கீகாரம் பெற்ற படிப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் படிப்புகளுக்கு ஒப்புதல் தருகிறது. முடித்தவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுகிறது. உன் அடையாள அட்டையில் உள்ள பதிவு எண்ணை உனக்குக் கிடைத்த பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது எதிரே உட்கார்ந்திருப்பவர் உன்னைப் பிடிப்பதற்கான பிடி. படிப்பு நின்றால் உனக்குப் போவது ஒரு வேலை. காது கேளாதவர்களுக்குப் போவது அந்தப் பிடி. மனுவின் முதல் வரி அங்கிருந்து தொடங்கட்டும்.

உன் போராட்டம் புதிது என்று நினைக்காதே. இதைவிடப் பெரிதாக ஒன்றை இழந்து மீட்டவர்கள் இருக்கிறார்கள். 2010-11 பட்ஜெட் உரையில், சைகை மொழிக்கென ஓர் ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கப்படும் என்று நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி அறிவித்தார். 2011 அக்டோபர் 4 அன்று டெல்லி இக்னோ பல்கலைக்கழக வளாகத்தில் அடிக்கல் நாட்டினார்கள். 2013-இல் மையத்தை மூடிவிட்டார்கள். 2015 ஏப்ரலில், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியச் செவித்திறன் நிறுவனத்தோடு அதை இணைப்பதாக உத்தரவு வந்தது. ஏதோ ஒரு கூரை கிடைத்ததே என்று நாமாக இருந்தால் நன்றி சொல்லியிருப்போம். காது கேளாதோர் சமூகம் அதை ஏற்கவில்லை. அந்த நிறுவனத்தின் பார்வையும் தங்கள் மையத்தின் பார்வையும் வேறு என்றார்கள். செவியைக் குறையாகப் பார்த்துச் சரிசெய்வது ஒரு வேலை, கையை மொழியாகப் பார்த்து வளர்ப்பது வேறு வேலை. போராடினார்கள், அமைச்சர்களைப் பார்த்தார்கள். 2015 செப்டம்பர் 22 அன்று மத்திய அமைச்சரவை அந்த மையத்தைத் தனிச் சங்கமாக அமைக்க ஒப்புதல் தந்தது. இன்று டெல்லியிலிருந்து இயங்கும் அந்த மையம்தான் 2018-இல் 3,000 சொற்களோடு அகராதி வெளியிட்டு, 2021-இல் அதை 10,000 ஆக்கியது.

இதில் நீ கற்க வேண்டியது ஒன்று உண்டு. ‘ஏதாவது செய்யுங்கள்’ என்று அவர்கள் கேட்கவில்லை. எது வேண்டும், எது வேண்டாம், யாருக்குக் கீழே இருக்கக்கூடாது என்று பிரித்துச் சொன்னார்கள்.

இழந்து மீளாததும் உண்டு. 2009-இல் இக்னோ, இங்கிலாந்தின் மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பயன்பாட்டுச் சைகை மொழிப் படிப்பில் பி.ஏ. தொடங்கியது. காது கேளாத பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே பட்டம் படித்தார்கள். சில வருஷங்களில் அது நின்றுபோனது. லங்காஷயர் என்ற பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம்மூர் நினைவு வரும். நம்மைத் ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்கிறார்களே, அந்த மான்செஸ்டரின் அக்கம்பக்கம்தான் அது. அங்கே நெசவாலை இரைச்சலில் பெண்கள் உதட்டசைவாலும் கையாலும் பேசிக்கொண்டார்கள். சோமனூர், பல்லடம் தறிக் குடோன்களிலும் ஆறு தறிக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் ‘ஊடு நூல் தீர்ந்துபோச்சு’ என்று கையால்தான் சொல்வார்கள்.

அதனாலேயே நம்மூர் அதிகாரி ஒருவர் உன்னிடம் சொல்லக்கூடும்: “சைகைதானேம்மா, எங்கப்பன் தறிக் குடோன்ல எல்லாருக்கும் வருமே. இதுக்கு எதுக்கு ரெண்டு வருஷப் படிப்பு?” கோபப்படாதே. தறிக் குடோன் சைகைக்குத் தமிழ் பின்னால் நிற்கிறது. இரைச்சல் நின்றால் வாய் பேசிக்கொள்ளும். சைகை மொழி தன் காலிலேயே நிற்பது. ‘வந்தான்’ என்பதைத் தமிழில் கேள்வியாக்க ‘ஆ’ சேர்த்து ‘வந்தானா’ என்கிறோம். அந்த ‘ஆ’வின் வேலையை அங்கே புருவம் செய்கிறது. புருவத்தைத் தூக்க மறந்த மொழிபெயர்ப்பாளர் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கேள்வியை வாக்குமூலமாக மாற்றிவிடுவார். இதை அந்த அதிகாரி முன்னாலேயே செய்து காட்டு. என் மாத்திரைக் கதையையும் சொல்லலாம்; எனக்கு வெட்கமில்லை.

டெல்லியைப் பார்த்துக் கையேந்துவதாகவும் நினைக்காதே. டெல்லி மையம் பிறப்பதற்கு முன்பே, 2001-இல், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் கல்வியியல் கல்லூரி சைகை மொழி அகராதி ஒன்றை வெளியிட்டது. 12 மாநிலங்களில் 42 நகரங்களிலிருந்து திரட்டிய சைகைகள் அதில் இருந்தன. மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பார்த்துக் கடந்துபோகிறோமே, அந்த வளாகம்தான். இந்த மண்ணுக்கு இந்த வேலையில் பழைய பாத்தியதை உண்டு.

இனி மனுவுக்கு வருகிறேன்.

படிப்பு எப்படி நிற்கிறது என்று முதலில் புரிந்துகொள். யாரும் தடை போடுவதில்லை. நம்மூர்க் குளங்களைப் பார்த்திருக்கிறாய். குளம் வற்றினால் கரையைத்தான் பார்ப்போம். கரை நன்றாகவே இருக்கும். நொய்யலிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் ராஜவாய்க்கால் எங்கோ தூர்ந்திருக்கும். இங்கேயும் அதே கதை. ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் மொழிபெயர்ப்பாளருக்குப் பெரும்பாலும் நிரந்தரப் பணியிடம் இல்லை. வேலை இல்லாத படிப்புக்குப் பெற்றோர் பிள்ளையை அனுப்புவதில்லை. ஆள் சேராததைக் காட்டிக் கல்லூரி கைவிடுகிறது. பிறகு ‘தகுதியுள்ள ஆள் இல்லை’ என்று சொல்லிப் பணியிடமும் வருவதில்லை. நீ கரையைப் பூசச் சொல்லி மனு எழுதியிருக்கிறாய். வாய்க்காலைக் கேள். 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் செவித்திறன் குறைபாடு என்று 2011 கணக்கெடுப்பு சொல்லும் நாட்டில், தேவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கலெக்டரால் முடிந்ததைக் கலெக்டரிடம் கேள். படிப்புக்கு ஒப்புதல் தருவது டெல்லியில் உள்ள ஆர்.சி.ஐ.; விண்ணப்பிக்க வேண்டியது கல்லூரி; பணியிடம் உருவாக்க வேண்டியது மாநில அரசு. மூன்று கதவுக்கும் ஒரே சாவி கிடையாது. திங்கட்கிழமை மனுவில், அரசு மருத்துவமனைக்குப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஒன்றும் வருகைக்கு மதிப்பூதியமும் கேள். படிப்பைப் பற்றிப் பரிந்துரையோடு மேலே அனுப்பச் சொல். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, சைகை மொழி அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அமர்த்தும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. அதை எடுத்துக் காட்டு. 2021 ஜூலையில் சைகை மொழிக்குப் பள்ளியில் மொழிப்பாடத் தகுதி அறிவித்துவிட்டார்கள். பாடம் வந்துவிட்டது, பாடம் நடத்துபவர் எங்கிருந்து வருவார் என்று கேள்.

இன்னொன்று. நீ மொழிபெயர்ப்பு டிப்ளமோவை மட்டும்தான் கேட்டிருக்கிறாய். காது கேளாதவர்களே சைகை மொழி ஆசிரியர் ஆவதற்கு ஒரு டிப்ளமோ இருப்பது உனக்குத் தெரியும். அதையும் சேர்த்துக் கேள், அதை முதலில் கேள். கேட்கும் காதுள்ளவர்களே சொல்லிக்கொடுத்து, கேட்கும் காதுள்ளவர்களே பாஸ் போடும் வகுப்பு திரும்பி வந்தால் என்னைப் போன்ற ‘முன்’ ஆசாமிகள்தான் கூடுவார்கள்.

ஒரு நோட்டு வாங்கிக்கொள். எந்தத் தேதி, எந்த வகை அலுவலகம், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எத்தனை மணி நேரம் காத்திருந்தார்கள், கடைசியில் யார் பேசினார்கள் என்று எழுது. பத்து வயது மகள் அம்மாவின் கர்ப்பப்பை ஸ்கேன் முடிவை அம்மாவுக்குச் சொன்னாள் என்றால் அதையும் எழுது. பெயர் வேண்டாம். ஆறு மாத நோட்டு ஆறு கோஷத்தைவிடக் கனமானது.

திங்கட்கிழமை எங்கே நிற்பாய் என்று யோசித்தாயா? மனு கொடுப்பவர்கள் பக்கத்தில் நிற்காதே. அதிகாரியின் நாற்காலிக்குப் பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி நில். அவர்கள் உன் கையையும் அவர் முகத்தையும் ஒருசேரப் பார்க்கலாம். அவர் உன்னைப் பார்த்து, “இவங்க என்ன சொல்றாங்க?” என்பார். அதையும் அப்படியே கையில் சொல்லிவிடு. பதில் வரும்போது ‘அவர் சொல்கிறார்’ என்று தொடங்காதே; ‘நான்’ என்றே பேசு. இரண்டு நிமிஷத்தில் அவர் கண் தானாக இடம் மாறும்.

ஒரு இடத்தில் மட்டும் நம் தமிழ் உன்னைச் சோதிக்கும். மனு கொடுப்பவர் கையால் ‘இல்லை’ என்கிறார். நீ குரலில் ‘இல்லை’ என்பாயா, ‘இல்லீங்க’ என்பாயா? இந்த ஊரில் அந்த ஒரு ‘ங்க’வில் ஒருவரின் நிற்கும் உயரமே மாறிவிடும். அவர் முகத்தைப் பார். அங்கே பணிவு இருந்தால் ‘ங்க’ போடு. கோபம் இருந்தால் நீயாக ஒரு ‘ங்க’வைச் சேர்த்து அதைப் பதப்படுத்தாதே. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் துணையோடு வாதாடினார். அன்று அங்கே ஒலித்தது மொழிபெயர்ப்பாளரின் குரல், வாதம் சாராவுடையது.

அதேபோல, மனுவில் ‘நாங்கள்’ என்று பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். அது யார் என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக்கொள். உன் பேட்ச்சா, காது கேளாதவர்களா? மனுவை அவர்களிடம் கொடுத்து, அவர்கள் கையால் சொல்வதை நீ தமிழில் எழுதினால் அந்தக் குழப்பமே வராது.

பெயர்ச் சைகைக்கு வருகிறேன். நாமாக வைத்துக்கொள்ள முடியாது, காது கேளாதவர்கள்தான் வைக்க வேண்டும் என்பது உனக்கே தெரியும். மாத்திரை விவகாரம் முடிந்து ஒரு மாதம் நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவே இல்லை. அக்கா காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே நுழைந்ததும் அந்த லேத் பட்டறை அண்ணன் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். என்னைச் சுட்டிக் காட்டி, திறந்த கையைத் தோளுக்குமேல் பின்னால் வீசினார். ‘முன்’. நான் தப்பாகச் சொன்ன சொல்லின் சரியான சைகை. மொத்தக் கூட்டமும் சிரித்தது. அன்று முதல் அதுதான் என் பெயர். யார் கூப்பிட்டாலும், ஒருமுறை திருத்திவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள்.

திங்கட்கிழமை அவரும் வருகிறார். மனுவின் முதல் வரியை அவரே சொல்லட்டும் என்று கேட்டிருக்கிறேன். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. நாற்காலிக்குப் பக்கத்து இடம் உனக்கு. நான் கடைசி வரிசையில் நிற்கிறேன். உன் கை தப்பினால் அங்கிருந்தே தெரியும்.

அன்புடன்,
உன் அண்ணன்