பழைய கணினியும் புதிய பணிசெயல் முறைமையும்

வின்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. அதனால் கணினி இயங்காமல் போவதில்லை. ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைபாடுகளுக்கான திருத்தங்கள் முன்புபோல் வந்து சேராது. வின்டோஸ் 11 ஐ நிறுவுவதற்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் தேவை. மாத்தளை மாவட்டத்தில் வாப்பாவின் வியாபாரத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஒரே மடிக்கணினியைப் பாவிக்கும் வீடுகள் பல உள்ளன. எங்கள் வீடும் அவற்றில் ஒன்று. புதியது வாங்க வசதியில்லாதபோது லினக்ஸை நிறுவலாமா என்ற கேள்வி எழுகிறது.

லினக்ஸின் கருவை 1991 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். இது திறந்த மூல மென்பொருள். எவரும் இதன் மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். களவுப் பிரதி பாவிக்கும் சங்கடம் இங்கே இல்லை. இதிலிருந்து உபுண்டு, மின்ட், ஃபெடோரா எனப் பல பதிப்புகள் உருவாகின. ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு இலங்கையர் உருவாக்கிய ஒன்று, கண்டியிலுள்ள ஹந்தான மலையின் பெயரைத் தாங்கியது. ஆயினும் பெயரைப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்யக் கூடாது. அதற்கு இன்றும் புதுப்பிப்புகள் வருகின்றனவா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, நம் வேலைகளைப் பட்டியலிட வேண்டும். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்குரிய பைதன், மைஎஸ்கியூஎல் இரண்டும் லினக்ஸில் நன்றாக இயங்கும். வேர்ட், எக்செல் கோப்புகளை லிப்ரே ஒஃபிஸில் திறக்கலாம். சில வேளைகளில் பக்க அமைப்பு மட்டும் சற்று மாறும். பாமினியில் தட்டச்சு செய்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவலாம். யுனிகோட்டுக்கு மாறுவது அதைவிட நல்லது.

கணினியின் வலுவையும் பார்க்க வேண்டும். லினக்ஸ் மின்ட்டுக்கு ஆகக் குறைந்தது 2 ஜிபி நினைவகம் போதும். 4 ஜிபி இருந்தால் வசதி. அதை ஒரு யூஎஸ்பியில் பதிந்து, வன்தட்டில் எதையும் மாற்றாமல் இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி ஆகியவை வேலை செய்கின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும். யூஎஸ்பியிலிருந்து இயங்குவதால் வேகம் குறைவாக இருக்கும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் வாப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "கணக்கெல்லாம் அழிஞ்சு போனா என்ன செய்ற மகள்?" அது நியாயமான கேள்வி. மிளகு, கராம்பு வாங்கி விற்ற கணக்குகளும் கடன் விபரங்களும் அதில்தான் இருந்தன. வன்தட்டைப் பிரிக்கும்போது ஓர் இடத்தில் தவறினால் எல்லாமே அழிந்துவிடும். அவர் பாவிக்கும் கணக்கு மென்பொருளும் வின்டோஸில் மட்டுமே இயங்கும்.

எனவே இரண்டையும் வைத்துக்கொள்ளத் தீர்மானித்தோம். முதலில் கணக்குகளை வெளி வன்தட்டொன்றில் பிரதி எடுத்து, அந்தப் பிரதி திறக்கிறதா என்று நானாவின் கணினியில் சரிபார்த்தோம். அதன் பிறகே வின்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸை நிறுவினோம். கணினியை இயக்கும்போது எது வேண்டுமென்று தெரிவு செய்யலாம். இணையம், படிப்பு எல்லாம் லினக்ஸில்; கணக்கு மட்டும் இணையத்தோடு இணைக்காத வின்டோஸில். திருத்தங்கள் கிடைக்காத முறைமைக்கு ஆபத்து பெரும்பாலும் இணையம் வழியாகவே வரும் என்பதால் இந்தப் பிரிப்பு. யூஎஸ்பி வழியாகவும் வைரஸ் வரலாம். அதனால் வெளியார் யூஎஸ்பிகளை வின்டோஸில் செருகுவதில்லை.

லினக்ஸ் நல்லதா, வின்டோஸ் நல்லதா என்று வாதிடுவதில் பயனில்லை. அந்தக் கணினியை நம்பி வீட்டில் யார் யார், என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பெற்றோரையும் பக்கத்தில் அமர்த்தி, யூஎஸ்பியில் இயக்கிக் காட்டுங்கள். பிரதி எடுக்காமல் மட்டும் எதையும் நிறுவ வேண்டாம்.